அட்டையில் இருக்கும்போதே கேட்க வேண்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

லண்டன் குளிர் பழகிவிட்டது, உடம்புக்கும் குறையில்லை. வேலையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், நீ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருப்பவள், உனக்குப் புரியும்.

எங்கள் அருங்காட்சியகத்தில் பழந்துணிகளுக்குப் புதிய கூடம் அமைக்கிறோம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் வந்து எங்களோடு உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள், அதற்குச் சம்பளமும் உண்டு. கண்ணாடிப் பேழையை முதலில் அட்டையில் செய்து நிறுத்தி, விளக்கக் குறிப்பைச் சாதாரணத் தாளில் ஒட்டி வைப்போம், அவர்கள் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து பாதியை அடித்துவிடுவார்கள்.

ஒரு பெண், "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்டாள். இந்த மாதிரித் துணிமேல் வெளிச்சம் சுமார் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது, சாயம் வெளுத்தால் திரும்ப வராது என்று பாதுகாப்புப் பிரிவுக்காரர் விளக்கினார். "அப்படியென்றால் அதையே எழுதி வையுங்களேன்" என்றாள். வாசலில் முதல் குறிப்பே இப்போது அதுதான், அவள் எழுதியது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, அக்கா!

எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்ல முடியாது. துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள், முடியாது என்று காரணத்தோடு சொன்னோம், அதே நெசவில் புதுத்துணி ஒன்றை வெளியே வைக்க முடிவானது. காரணம் சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார். கீழ் மூன்று படிகள், அதாவது அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குக் கேட்பது போன்றவை, பங்கேற்பே இல்லை என்கிறார். எல்லாம் கட்டி முடித்தபிறகு திறப்பு விழாவில் கருத்துப் படிவம் நீட்டுவதை நானும் அந்தக் கணக்கில்தான் வைப்பேன், அந்த நேரத்தில் எதை மாற்ற முடியும்?

இங்கே லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியில் யங் வி அண்ட் ஏ என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டு புதுப்பித்து 2023 ஜூலையில் திறந்தார்கள், அடுத்த ஆண்டே ஆர்ட் ஃபண்ட் என்ற கலை அறக்கட்டளையின் சிறந்த அருங்காட்சியக விருது கிடைத்தது. நீ வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

அப்புறம் ஒன்று. உன் வகுப்புப் பிள்ளைகளிடம், அருங்காட்சியகத்தில் எந்த இடத்தில் நிற்காமல் நடந்துவிடுகிறார்கள், ஏன் என்று கேட்டு அப்படியே எழுதி அனுப்பு. திருத்தாதே. இங்கே பேழைகள் இன்னும் அட்டையில்தான் நிற்கின்றன.

அன்புடன்,
உன் தம்பி