குடியரசு தின விழா: பதக்கக் கண்காட்சி தொடர்பாக

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். குடியரசு தினத்துக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ராணுவப் பதக்கங்கள் பற்றி ஒரு கண்காட்சி தயாரிக்கிறார்கள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். பரம்வீர் சக்ராவுக்குப் பக்கத்தில் அசோக சக்ரா படத்தை ஒட்டிக்கொண்டிருந்த மாணவி கேட்டாள்: "போருக்கே போகாதவருக்கு எதுக்கு டீச்சர் மெடல்?"

நியாயமான கேள்விதான். எதிரிப் படைக்கு முன்னால் காட்டும் வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா; அதற்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அசோக சக்ரா. தீவிரவாதிகளை எதிர்த்து நின்றவர்களுக்கும் இதைத்தான் தருகிறார்கள். 1984இல் விண்வெளிக்குப் போய்வந்த ராகேஷ் சர்மா பெற்றதும் இதுவே. ராணுவத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1986இல் கராச்சியில் கடத்தல்காரர்கள் பிடித்த விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட பணிப்பெண் நீரஜா பனோத்துக்கும் அசோக சக்ரா கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22.

1952இல் இவ்விருது மூன்று வகுப்புகளாகத் தொடங்கியது. அப்போது மூன்றுக்கும் அசோக சக்ரா என்றே பெயர்; இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குக் கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்ற பெயர்கள் 1967இல் வந்தவை. ரிப்பனைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: கரும்பச்சையில் ஒரு காவிக் கோடு என்றால் அசோக சக்ரா, இரண்டு என்றால் கீர்த்தி, மூன்று என்றால் சௌர்ய. உற்சாகத்தில் நாலாவது கோடும் போட்டுவிட்ட ஒரு பையன், "இது எந்த மெடல் டீச்சர்?" என்று என்னிடமே கேட்கிறான்.

சிறந்த சேவைக்கென்று தனியாக விசிஷ்ட சேவா பதக்கங்கள் உண்டு. பரம், அதி, விசிஷ்ட என்று அதிலும் மூன்று படி. பரம் விசிஷ்ட பெரும்பாலும் மூத்த அதிகாரிகளுக்கே போகிறது. லாரி ஓட்டியவரும் சமையல்கூடத்தில் நின்றவரும் பிள்ளைகளின் கண்ணில் படுவதே இல்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

அதனால் ஓர் உதவி. உங்கள் வீட்டிலோ உறவிலோ படையில் பணியாற்றியவர் இருந்தால், சமையல், ஓட்டுநர், நர்ஸ், மெக்கானிக் என எந்த வேலையானாலும் சரி, அவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். பதக்கம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. வாங்கியிருந்தால் அசலைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். போட்டோ போதும், பின்னால் பெயரும் வகுப்பும் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கிடைக்க வேண்டும்.

அப்புறம், மாறுவேடத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி வேண்டாம். ஏற்கெனவே ஐந்து வந்து அலுவலகத்தில் கிடக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்