எஸ்.வி.க்கு (தீசிஸ் சூப்பர்வைசருக்கு) பயந்து ஒளியற தங்கச்சிக்கு

பாப்பா,

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட் பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தைல) உன்ன பார்த்தேன். நீயும் என்ன பார்த்த, பார்த்துட்டு அப்படியே அப்பம் கடைக்குப் பின்னால நழுவிட்ட. கோவமெல்லாம் இல்ல. தீசிஸ் எது வரைக்கும் வந்திருக்குன்னு அக்கா கேட்டுடுவாளோன்னு பயந்திருப்ப, நானும் ஒரு காலத்துல இதே ஊர்ல கருவாட்டுக் கடை சந்துல ஒளிஞ்சவதான். அன்னைக்கு ராத்திரியே உங்கம்மா போன் பண்ணி, மூணு மாசமா நீ எஸ்.வி. மெயிலுக்கு பதிலே போடலன்னு சொன்னாங்க. நேர்ல கேட்டா அழுதுடுவ, அதான் எழுதுறேன்.

உன் தலைப்பு எனக்கு ரொம்ப பிடிச்ச தலைப்பு. 1950கள்ல மலாயாவுல வெள்ளக்காரன் கம்பெனிங்க ரப்பர் தோட்டத்த வித்துட்டு கிளம்ப, வாங்குனவங்க அத துண்டு துண்டா பிரிச்சு விக்க, நம்ம ஆளுங்களுக்கு வேலையும் லயத்து வீடும் ஒண்ணா போச்சு. அதுக்குத்தான் அப்ப மந்திரியா இருந்த நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சார், ரப்பர் மரம் சீவுனவங்களே பத்துப் பத்து வெள்ளியா (டாலரா) கட்டி தோட்டம் வாங்குனாங்க. அந்தக் காசுக்கு காதுத் தோட்ட அடகு வச்ச கதைய உன் பாட்டி வாயாலயே ரெக்கார்ட் பண்ணி போன தீபாவளிக்கு எனக்கு பாதி போட்டுக் காட்டின. இவ்வளவு கையில வச்சிக்கிட்டு, மூணாவது அத்தியாயம் சரியா வரலன்னு அனுப்பாம உக்காந்திருக்க. சரியா வந்துட்டா அப்புறம் எஸ்.வி. எதுக்கு?

நம்மகிட்ட ஒரு கோளாறு இருக்கு பாப்பா. தோட்டத்துத் துரை முன்னாடியும் கணக்கு எழுதுற கிராணி முன்னாடியும் கைய கட்டிட்டு நின்ன குடும்பம், அந்தப் பழக்கம் யுனிவர்சிட்டி ஏர்கோன் ரூமுக்குள்ள போனாலும் விட மாட்டேங்குது. எஸ்.வி. மீட்டிங்கையும் தோட்டத்துல விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மாதிரி நினைச்சுக்கிறோம், பேர் கூப்பிட்டா போகணும், இல்லன்னா ஓரமா நிக்கணும்.

நான் மாஸ்டர்ஸ் பண்ணப்போ ரெண்டாவது அத்தியாயத்த என் எஸ்.வி.க்கு அனுப்பிட்டு அஞ்சு மாசம் வாயே திறக்கல. பதில் வரல, சரி அவருக்கு பிடிக்கல போலன்னு நானே முடிவு பண்ணி, நல்லா இருந்த பக்கத்தையும் சேர்த்து திருப்பித் திருப்பி மாத்தி கெடுத்து வச்சேன். கடைசில லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். "என்னம்மா ஆளையே காணோம், எப்ப அனுப்பப் போறீங்க?"ன்னார். நான் அனுப்புனது அவர் மெயில்ல எங்கயோ அடியில கிடக்கு, அவர் திறக்கவே இல்ல! அவர் மேலயும் தப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா கிளாஸ், கே.பி.ஐ.ங்கிற வேலை இலக்கு, ஸ்கோப்பஸ் பட்டியல்ல ஏறுற பேப்பர் கணக்கு, மத்த ஸ்டூடண்ட்ஸ்னு ஓடிக்கிட்டிருக்கிற ஆளுக்கு என் அத்தியாயம் ராத்திரி கனவுல வராது. ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு வரி ஞாபகப்படுத்தியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்.

இன்னொண்ணு, இது எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டது. தோட்டத்து ஸ்டோர்ல ரப்பர் பால எடை போட்டு, மெட்ரோலாக் (பால்ல ரப்பர் எவ்வளவுன்னு காட்டுற கருவி) விட்டுப் பார்த்து, கிராணி தன் புத்தகத்துல எழுதிக்குவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா தினமும் காலண்டர் தாள்ல கோடு போட்டு வச்சிருப்பாங்க, சம்பளத்தன்னைக்கு கணக்கு இடிச்சா அந்தத் தாளோட போய் நிப்பாங்க, சத்தம் போட மாட்டாங்க, தாள காட்டுவாங்க அவ்வளவுதான். நீயும் மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கே ஒரு மெயில் போட்டுடு, இன்னைக்கு இது பேசினோம், நான் இத செய்யறேன், நீங்க இந்தத் தேதிக்குள்ள பார்த்துத் தர்றேன்னீங்கன்னு. ஆறு மாசம் கழிச்சு "இந்தத் தியரிய எடுக்க நான் எப்ப சொன்னேன்"னு அவங்க கேக்கும்போது (கேப்பாங்க, பாதி நேரம் நிஜமாவே மறந்திருப்பாங்க) உன்கிட்ட தாள் இருக்கும்.

பாட்டி பேட்டிய வச்சு ஒரு கட்டுரை போடலாம்னும், எஸ்.வி. பேர்தான் முதல்ல வரும்னும் உங்கம்மா சொன்னாங்க. அத இப்பவே பேசிடு, எழுதி முடிச்சப்புறம் பேசுனா மனஸ்தாபம்தான். உன் துறை வேறன்னாலும், மருத்துவ இதழ் எடிட்டருங்க வச்சிருக்கிற ஐ.சி.எம்.ஜே.ஈ. விதிய தேடிப் படி. ஆய்வுல உருப்படியான பங்கு இருக்கணும், எழுதவோ திருத்தவோ செஞ்சிருக்கணும், கடைசி வடிவத்துக்கு சம்மதிக்கணும், உள்ள இருக்கிறதுக்கு பொறுப்பு ஏத்துக்கணும், இந்த நாலும் சேர்ந்தாத்தான் கட்டுரையாசிரியர். பணம் வாங்கிக் குடுத்ததோ பொதுவா மேற்பார்வை பார்த்ததோ மட்டும் பத்தாது. ஆனா அவங்க நிஜமாவே உக்காந்து உன் வாதத்த மாத்திக் குடுத்து பாதி எழுதியிருந்தா நீயும் கஞ்சத்தனம் பண்ணாத, பேர் போடு.

ஒத்தே வரலன்னா எஸ்.வி. மாத்திக்க வழி இருக்கு, ஃபேகல்ட்டில கேட்டுக்கலாம். ஆனா மூணு மாசம் ஒளிஞ்சிருந்துட்டு அதக் கேக்காத, முதல்ல நீ போய் நில்லு.

இன்னைக்கு ராத்திரியே அந்த அத்தியாயத்த ஓட்டை உடைசலோட அனுப்பு. காய்ச்சல், லேப்டாப் ரிப்பேர்னு கதை கட்டாத. இது வரைக்கும் எழுதிட்டேன், இந்த இடத்துல மாட்டிக்கிட்டேன், எப்ப பார்க்கலாம்னு மூணு வரி போதும். அனுப்பிட்டு சனிக்கிழமை பாசார் மாலாமுக்கு வா, அப்பம் நான் வாங்கித் தர்றேன். பாட்டி ரெக்கார்டிங்கையும் எடுத்துட்டு வா, அந்தக் காதுத் தோட்ட கடைசில மீட்டாங்களா இல்லையான்னே நீ இன்னும் சொல்லல.

அக்கா