விழிப்புணர்வு யாருக்கு வேண்டும்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு பதிப்பில், பெற்றோல் டீசலில் தங்கியிருப்பதைக் குறைப்பது பற்றிய கட்டுரையை வாசித்தேன். "வடபகுதி மக்களிடம் எரிபொருள் சிக்கனம் பற்றிய விழிப்புணர்வு போதாது" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். வயதும் குறைவாக இருக்கும்.

1990இல் போரோடு அரசின் பொருளாதாரத் தடை வந்தபோது யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் என் மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினோம். பற்றரிக்கும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். பம்புக்கு எண்ணெய் கிடைக்காமல் போக, ஐயா கைவிட்டிருந்த துலாவை மறுபடி பூட்டி மிளகாய்க்கு இறைத்தார். இதற்கெல்லாம் யாரும் செயலமர்வு வைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுப் பார்சலும் தரவில்லை.

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசு அறிவித்தபோதும், எங்கள் ஒழுங்கையில் கோடிக்குள் கிடந்த சைக்கிள்கள்தான் வெளியே வந்தன. பிறகு ஏன் இப்போது எல்லாரும் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள் என்று கேட்பீர்கள். காப்பெற் வீதி போட்டவர்கள் சைக்கிளுக்கு ஓரம் விட்டார்களா? பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எங்கள் பக்கம் பஸ் வருகிறதா?

கட்டுரையாளர் 'சமூகத் திட்டமிடல்' என்றும் எழுதியிருந்தார். அழகான சொல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் டீசலுக்குப் பதிலாக வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021இல் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். டெல்லி முகம் சுளித்தது. பிறகு அது இந்திய நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தலைநகரங்கள் பேசி முடித்த கதையை எனக்குத் தெரிந்த நெடுந்தீவுக்காரர் பத்திரிகையில்தான் படித்தார். அவருடைய வீட்டுக்கு எத்தனை மணிக்கு மின்சாரம் தேவை என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

மன்னார்ச் சனம் 2025இல் காற்றாலைகளை எதிர்த்து வீதியில் இருந்தபோது, அவர்களுக்கும் விழிப்புணர்வு இல்லை என்றுதான் பலர் எழுதினார்கள். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் மிதந்ததே, அந்தச் சனத்துக்கு இருந்த விழிப்புணர்வு யாருக்கு இருந்தது? கிணற்றை எட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த மின் நிலைய நிறுவனத்தை உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது 2019இல். அதற்குள் எத்தனை வீட்டில் பவுசர் தண்ணீரில் சமைத்தார்கள் என்று உங்கள் நிருபர்களே சொல்வார்கள்.

உங்கள் பத்திரிகையை நாங்கள் மூன்று தலைமுறையாக வாங்குகிறோம். அந்த உரிமையில் சின்ன வேண்டுகோள் ஒன்று. பிரதேச சபையிலோ கச்சேரியிலோ (மாவட்டச் செயலகத்தில்) மின்சாரம், போக்குவரத்து பற்றிய கலந்துரையாடல் நடந்து முடிந்த பிறகு, குத்துவிளக்கேற்றும் படத்தை நாலு பத்தியில் போடுகிறீர்கள். அந்தப் படத்தைச் சிறிதாக்கிவிட்டு, கூட்டத்துக்கு ஒரு கிழமை முந்தியே திகதியையும் இடத்தையும் ஒரு மூலையில் போடுங்கள். மண்டபம் பஸ் போகும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.