நிறுத்திவைத்த காரின் பேட்டரியைக் காலி செய்த டேஷ்கேம் கிட்: பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் கோரிப் புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
டேஷ்கேம் விற்பனை நிறுவனம்.

பொருள்: ஹார்ட்வயர் கிட்டில் உள்ள குறைபாடு, அதனால் பேட்டரிக்கு ஏற்பட்ட சேதம், விளம்பரத்தில் உள்ள தவறான தகவல் ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையதளத்திலேயே டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் ஒட்டி வெளியே நடப்பதைப் பதிவு செய்யும் கேமரா) வாங்கினேன். கார் நிற்கும்போதும் கேமரா இயங்க, காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொடுப்பதற்கென்று நீங்கள் தனியாக விற்கும் ஹார்ட்வயர் கிட்டையும் அதனுடன் சேர்த்து வாங்கினேன். பேட்டரியின் மின்னழுத்தம் நாம் குறித்துவைத்த அளவுக்கு இறங்கியதும் கேமராவுக்குப் போகும் மின்சாரத்தைக் கிட் தானாகவே நிறுத்திவிடும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். 11.6, 11.8, 12.0, 12.2, 12.4 என்று ஐந்து நிலைகள் கொண்ட சிறிய சுவிட்சும் அதில் இருக்கிறது. என் கிட்டில் சுவிட்ச் 12.2 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் 12.2 வோல்ட்டில் அது மின்சாரத்தை நிறுத்தவில்லை. 11.4 வோல்ட் வரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதனால் என் காரின் பேட்டரி இரண்டு முறை முழுவதுமாக இறங்கிப்போய், இனி பயன்படாது என்ற நிலைக்கு வந்துவிட்டது.

கேமராவைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தெருவிளக்கு வெளிச்சத்திலும் எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறது. உள்ளே லித்தியம் செல்லுக்குப் பதிலாக, சிறிதளவு மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்திருப்பது நல்ல முடிவு. வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கருவியில் லித்தியம் செல் இருந்தால் அது சூட்டில் உப்பிவிடும். கேமராவை இவ்வளவு யோசித்துச் செய்த நீங்கள், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கருவியில் காட்டிய அலட்சியத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் குடியிருக்கும் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வண்டி நிறுத்தும் இடம் கிடையாது. கார் இரவு பகலாகத் தெருவோரத்தில்தான் நிற்கிறது. சென்ற ஆண்டு யாரோ பின்பக்கக் கதவை இடித்து நசுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். யார் என்று தெரியாததால் செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது. ஓடும்போது பதிவு செய்யும் கேமரா இதில் பாதி விலைக்கே கிடைக்கும். நிற்கும்போது பதிவு செய்யும் என்பதற்காகத்தான் உங்களிடம் கூடுதல் பணம் கொடுத்தேன். "24 மணி நேரமும் உங்கள் காருக்குக் காவல்" என்ற உங்கள் விளம்பர வாசகத்தை நம்பித்தான் கொடுத்தேன்.

பொருத்தியதில் தவறு இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. நீங்கள் அனுப்பிய ஆள்தான் வந்து பொருத்தினார். எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் மஞ்சள் வயர், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸில் சிவப்பு வயர், காரின் உடலோடு சேர்ந்த போல்ட்டில் கறுப்பு வயர். பிறகு ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டியபோது அவரும் மூன்று இணைப்புகளும் சரி என்றார்.

என் தாயாருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரந்தோறும் விடியற்காலை முதல் ஷிஃப்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒருநாள் அவரைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துவந்து காரைத் திறக்க ரிமோட்டை அழுத்தினால் பூட்டு அசையவில்லை. சாவியைப் போட்டுத் திறந்தேன். ஸ்டார்ட் செய்தபோது டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. டிக் டிக் என்ற சத்தம் மட்டுமே வந்தது. அந்த இருட்டில் முன்கண்ணாடியில் உங்கள் கேமராவின் நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பும் சக்தி பேட்டரியில் இல்லாதபோதும் கேமராவுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது என்பதை அப்போதே கண்ணால் பார்த்தேன். டாக்சி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தாமதமாகிவிட்டது. அடுத்த நோயாளி காத்திருந்ததால் அன்று என் தாயாருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். டயாலிசிஸில் நேரம் குறைந்தால் உடலில் நீர் தங்கும். அன்று இரவு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த எனக்கு இதை ஒரு சாதாரண வயர் கோளாறு என்று விட்டுவிட மனம் வரவில்லை.

உங்கள் சேவைப் பிரிவை அழைத்தேன். பேட்டரி பழையதாக இருக்கும் என்றார்கள். பேட்டரி வாங்கி ஓராண்டுதான் ஆகிறது; தேதியிட்ட வாரன்டி அட்டை என்னிடம் இருக்கிறது. விற்ற கடையிலேயே முழுமையாக சார்ஜ் செய்து, பளு கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்ட் பார்த்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். அதை அனுப்பிவைத்ததும் வேறு கிட் ஒன்றை அனுப்பினீர்கள். கூடவே என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. அந்த இரண்டாவது கிட்டும் அதே வேலையைச் செய்தது. பேட்டரி மறுபடியும் அடியோடு இறங்கியது. இம்முறை சார்ஜ் ஏற்றினாலும் நிற்கவில்லை. தகடுகளில் சல்பேட் படிந்துவிட்டது, அளவுக்கு மீறி இறக்கியதால் வந்த சேதம் வாரன்டியில் சேராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வண்டியைக் கிளப்பும் பேட்டரி ஒருசில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை மெல்ல மெல்ல அடிவரை வற்றவிட்டால் தாங்காது. மின்சாதனம் விற்கும் உங்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது முறைக்குப் பிறகு, எலக்ட்ரானிக்ஸ் சாதனங்களைப் பழுதுபார்க்கும் நண்பரின் கடைக்கு இரண்டு கிட்டுகளையும் கேமராவையும் எடுத்துச் சென்றேன். மின்னழுத்தத்தை விருப்பம்போல ஏற்றி இறக்கக்கூடிய பவர் சப்ளை அங்கே இருக்கிறது. சுவிட்சை 12.2-இல் வைத்து, 12.6 வோல்ட்டிலிருந்து சிறிது சிறிதாக இறக்கினோம். துண்டிப்பதற்கு முன் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்க்கும் என்று உங்கள் கையேடு சொல்வதால், ஒவ்வொரு படியிலும் அதற்கு மேலேயே காத்திருந்தோம். 12.2-ஐத் தாண்டியும் நீல விளக்கு எரிந்தது. 12.0-இல் எரிந்தது, 11.8-இல் எரிந்தது, 11.6-இலும் எரிந்தது. 11.4-க்கு வந்த பிறகே அணைந்தது. சுவிட்சை 12.4-க்குத் தள்ளிவிட்டு முதலிலிருந்து செய்தோம், அப்போதும் 11.4. அடிநிலையான 11.6-க்குத் தள்ளினோம், அப்போதும் அதே 11.4. இரண்டாவது கிட்டிலும் இம்மி மாறாமல் அதுவே நடந்தது. அதாவது, அந்தச் சுவிட்சை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். மல்டிமீட்டரின் எண்ணும் கேமராவின் விளக்கும் ஒரே காட்சியில் தெரியும்படி முழுவதையும் வீடியோ எடுத்திருக்கிறோம். தப்பித்தவறி வந்த ஒரு பழுதான கிட் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வேறு வேறு சமயத்தில் அனுப்பப்பட்ட இரண்டு கிட்டுகளிலும் ஒரே குறை இருக்கிறது.

இதைத் தெரிவித்தபோது, வயர் நீளத்தால் மின்னழுத்தம் குறையும், அதனால் இந்த வேறுபாடு வரும் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு எழுத்தில் பதில் அனுப்பியது. இந்தப் பதில்தான் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது. வயரில் மின்னழுத்தம் குறைந்தால், கிட் அளக்கும் மின்னழுத்தம் பேட்டரியில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். அப்படியானால் அது முன்கூட்டியே அல்லவா துண்டிக்க வேண்டும்? தாமதமாகத் துண்டிப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்? வாடிக்கையாளருக்கு விவரம் தெரியாது என்று எண்ணிக்கொண்டு எழுதிய பதிலாகவே இதைக் கருதுகிறேன். மேலும் கடையில் நாங்கள் அளந்தது கிட்டின் முனையில்தான். அங்கே வயர் நீளம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக வந்த யோசனை, இரவில் பார்க்கிங் மோடை, அதாவது கார் நிற்கும்போது பதிவு செய்யும் வசதியை, அணைத்துவிடுங்கள் என்பது. எதற்காக இந்தக் கிட்டை வாங்கினேனோ அதையே பயன்படுத்தாதீர்கள் என்று விற்றவரே சொன்னால், நான் கொடுத்த பணத்துக்கு என்ன பொருள்?

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் ஒழுங்காக வேலை செய்தாலும்கூட 24 மணி நேரக் காவல் என்ற உங்கள் வாக்குறுதி நாள்கணக்கில் நிறைவேறாது. பார்க்கிங் மோடில் கேமரா 0.36 ஆம்பியர் எடுப்பதாக மீட்டர் காட்டுகிறது. அதை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8.6 ஆம்பியர்-மணி. என் காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பல சிறிய பெட்ரோல் கார்களில் இந்த அளவுதான் வருகிறது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 12.2-க்கு வரும்போது ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். காரின் பூட்டும் அலாரமும் எடுப்பதையும் சேர்த்தால், வண்டியை எடுக்காமல் வைத்த இரண்டு நாட்களுக்குள் கேமரா அணைந்தே ஆக வேண்டும். மருத்துவமனைக்கும் கடைக்கும் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் அந்தப் பாதி திரும்ப ஏறிவிடாது. ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்ப சார்ஜை மெதுவாகத்தான் ஏற்கும். ஆக, என்னைப் போல நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்குக் காவல் நேரம் இன்னும் குறையும். இந்தக் கணக்கில் ஒரு வரிகூட உங்கள் பெட்டியிலோ, விற்பனைப் பக்கத்திலோ, கையேட்டிலோ இல்லை. கேமரா எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்பதைக்கூட நான் அளந்துதான் தெரிந்துகொண்டேன். நீண்ட நேரப் பதிவு தேவைப்படுபவர்களுக்கு, காரின் பேட்டரியைத் தொடாமல் தனியாக இயங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பேக் இருக்கிறது. வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அதையும் நீங்களே விற்கிறீர்கள். வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கூடுதலாகச் செலவழித்தாவது அதை வாங்கியிருப்பேன்.

அச்சிட்டபடி இயங்காத பொருள் குறைபாடுள்ள பொருள் என்றும், பொருளின் தன்மையைப் பற்றிப் பொய்யான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வரையறுக்கிறது. சேதத்தைத் தவிர்க்கப் போதுமான அறிவுரையும் எச்சரிக்கையும் தராத உற்பத்தியாளர் இழப்புக்குப் பொறுப்பாவார் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஹார்ட்வயர் கிட்டின் விலை ரூ.1,800, பொருத்துக்கூலி ரூ.700, புதிய பேட்டரியின் விலை ரூ.4,600 ஆகியவற்றை எனக்குத் திருப்பித் தர வேண்டும். வண்டியை மெக்கானிக் வந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்த செலவையும் டாக்சி செலவையும் தர வேண்டும், ரசீதுகள் இருக்கின்றன. கேமராவை நான் திருப்பித் தரப்போவதில்லை. அது நல்ல கேமரா. இதே கிட்டை வாங்கிய மற்றவர்கள் அனைவருக்கும் இந்தக் குறையைத் தெரிவித்து, கிட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். எனக்குப் பணம் தருவதைவிட இது அவசரம் என்று கருதுகிறேன். விடியற்காலையில் காரை நம்பியிருக்கும் நோயாளிகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள். பார்க்கிங் மோடில் கேமரா எடுக்கும் மின்சாரத்தின் அளவையும், எந்த அளவு பேட்டரியில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் தமிழ் உட்பட நீங்கள் விளம்பரம் செய்யும் எல்லா மொழிகளிலும் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும்.

பில்கள், பேட்டரிக் கடையின் இரண்டு சான்றுகள், சோதனை வீடியோ, உங்கள் தொழில்நுட்பப் பிரிவின் பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு கிட்டுகளும் பிரிக்கப்படாமல் என்னிடம் பத்திரமாக உள்ளன. நீங்கள் ஆய்வு செய்ய விரும்பினால், என் முன்னிலையில் செய்யலாம்.

இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்குள் சரியான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.