புகைக் கணக்கில் வயது எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவ இணைப்பில், ஒரு முகாமுக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. புகைப்பவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு நெஞ்சு நோய், புகைக்காதவர்களில் இத்தனை சதவீதம் என்று இரண்டே வரி, அதற்கு மேலே 'பெரிய வித்தியாசம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எங்கள் தெருமுனை டீக்கடையில் அன்று காலை அந்தப் பக்கம்தான் கை மாறிக்கொண்டிருந்தது, கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே ஒருவர் "பாத்தீங்களா சார், பிடிச்சாலும் அதே, பிடிக்காட்டியும் அதே" என்றார். நான் புள்ளிவிவரத் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். அவரிடம் வாதாடிப் பயனில்லை, தலைப்புப் போட்டது நீங்கள், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் குறை ஒன்றுதான். அந்தப் பெட்டியில் வயது இல்லை.

வயது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கணக்கு இருக்கிறது, எங்கள் துறைக்காரர்கள் பலருக்கும் தெரிந்தது. நியூகாசில் பக்கம் விக்கம் என்ற ஊரில் 1972 முதல் 1974 வரை ஒரு சர்வே எடுத்தார்கள், தைராய்டு, இருதய நோய் பற்றித் தெரிந்துகொள்ள. இருபது வருஷம் கழித்து அதே ஆட்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று போய்ப் பார்த்தார்கள். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சர்வே சமயத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் 582 பேர், அவர்களில் இறந்தவர்கள் 139, அதாவது 24 சதவீதம். வாழ்நாளில் பிடிக்காதவர்கள் 732 பேர், இறந்தவர்கள் 230, அது 31 சதவீதம். உங்கள் உதவி ஆசிரியர் கையில் இது கிடைத்திருந்தால் 'சிகரெட் பிடித்தால் ஆயுள் கெட்டி' என்றே தலைப்பு வந்திருக்கும்!

சரி, இப்போது வயது வாரியாகப் பிரியுங்கள். 35 முதல் 44 வயது வரை இருந்தவர்களில், பிடித்தவர்கள் 109 பேரில் 14 பேர் இறந்திருக்கிறார்கள், பிடிக்காதவர்கள் 121 பேரில் 7 பேர்தான். 55 முதல் 64 வரை பார்த்தால் பிடித்தவர்கள் 115 பேரில் 51, பிடிக்காதவர்கள் 121 பேரில் 40. 25-34 வயதுக் கட்டத்தில் மட்டும் சற்றுத் தலைகீழாக இருக்கிறது, அங்கே இறந்தவர்களே மொத்தம் எட்டுப் பேர், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 75க்கு மேலே இருபது வருஷத்தில் இரண்டு பக்கமும் ஒருவர்கூட மிச்சமில்லை. மற்ற வயதுகளில் எல்லாம் புகைத்தவர்கள் பக்கமே சாவு அதிகம்.

அப்புறம் மொத்தத்தில் மட்டும் எப்படிக் கதை மாறியது? பிடிக்காத 732 பேரில் 193 பேர் சர்வேயின்போதே 65 வயதைத் தாண்டியவர்கள். பிடித்தவர்களில் அந்த வயதுக்காரர்கள் 49 பேர்தான். அந்தத் தலைமுறைக் கிழவிகள் இளவயதில் சிகரெட் பழகியது குறைவு, பழகியவர்களிலும் சிலர் சர்வே வருவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆக ஒரு பக்கம் கல்லூரி விடுதி, மறு பக்கம் முதியோர் இல்லம் என்று வைத்துக்கொண்டு, எங்கே சாவு குறைவு என்று எண்ணிவிட்டு விடுதிச் சாப்பாடுதான் உடம்புக்கு நல்லது என்று முடிவு கட்டுவது போல ஆகிவிட்டது. இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர், பெயர் கிடக்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வயதுக் கலவை இருந்திருந்தால் என்ன வரும் என்று நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பிடித்தவர்களுக்கு 30 சதவீதம், பிடிக்காதவர்களுக்கு 26 என்று வந்தது. அதே பெண்கள், அதே சாவுகள், பதில் மட்டும் திரும்பி நிற்கிறது.

அந்தச் சர்வேக்காரர்கள் இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தார்கள். பிடித்துவிட்டு நிறுத்தியவர்களைத் தனியாக எழுதி வைத்திருந்தார்கள், மேலே சொன்ன இரண்டு எண்ணிக்கையிலும் அவர்கள் இல்லை. நம் முகாம்களில் 'தற்போது புகைப்பீர்களா' என்று ஒரே கேள்விதான். முப்பது வருஷம் பீடி பிடித்தவர், நெஞ்சு வலி வந்து, டாக்டர் மிரட்டிய பிறகு போன மாசம் விட்டவர், 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் புகைக்காதவர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார், தன் நெஞ்சு வலியையும் கூடவே எடுத்துக்கொண்டு. பொய்யும் உண்டு. நான் வீடு வீடாகப் போன காலத்தில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து "அதெல்லாம் விட்டாச்சுப்பா" என்றார். சட்டைப் பையில் பீடிக் கட்டு துருத்திக்கொண்டு இருந்தது, பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள், நான் என்ன எழுத? அவர் சொன்னதைத்தான் எழுதினேன், கணக்கெடுப்பு விதி அப்படி.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 2016-17இல் இந்தியா முழுக்க எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம், மெல்லும் புகையிலை போன்றவற்றைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பாட்டியிடம் போய்ப் 'புகைப்பீர்களா' என்று கேட்டால் சிரிப்பார். அவருக்கு வாயில் புண் வந்தால் அதுவும் 'புகைக்காதவர்' கணக்கில்தான் ஏறும்.

நம் ஊரில் ஒழுங்காகச் செய்ய ஆள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலும் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன ஏறத்தாழ 43,000 ஆண்களின் குடும்பங்களைத் தேடிப் போய், அவர் பீடி, சிகரெட் பிடித்தாரா, எதனால் இறந்தார் என்று விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு வயதும் படிப்பும் பார்த்து ஒப்பிட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலானோர் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. நடுத்தர வயதில், பிடித்தவர்கள் காசநோயில் சாவது பிடிக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று அதில் வந்தது. புகை என்றாலே புற்றுநோய்ப் படம்தான் போடுகிறீர்கள், இங்கே ஆளைக் கொண்டுபோவதில் காசமும் இருதயமும்தான் முன்னால் நிற்கின்றன. படிப்பை ஏன் பார்த்தார்கள் என்றால், பீடி பிடிப்பவர் பெரும்பாலும் படிப்புக் குறைந்த ஏழை, நெருக்கமான வீடு, சத்தில்லாத சாப்பாடு, அதனாலும் காசம் வரும், அந்தப் பங்கைக் கழிக்காமல் எல்லாப் பழியையும் பீடி மேல் போடுவதும் தப்புக் கணக்குதானே.

இன்னொன்று, இது முகாம். இருமிக்கொண்டோ மூச்சு வாங்கியோ இருக்கிறவர்தான் வெயிலில் வரிசையில் நிற்பார், தெம்பாக இருப்பவர் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, வேலைக்குப் போயிருப்பார். தொண்ணூறு வயது வரை சுருட்டு பிடித்த தாத்தா எல்லார் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார், ஐம்பத்தைந்தில் போன சித்தப்பாவை எந்த முகாமிலும் யாரும் கேட்க முடியாது.

அந்த முகாம் நடத்தியவர்களைக் குறை சொல்லவில்லை, ஒவ்வொருவர் படிவத்திலும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் கட்டாயம் எழுதியிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கிப் பத்துப் பத்து வயதாகப் பிரித்து அதே பக்கத்தில் மறுபடி போடுங்கள், தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிரித்துக் கூட்ட உங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால், பெயர்களை மறைத்துவிட்டுத் தாள்களை எனக்கு அனுப்பி வையுங்கள், ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறேன், கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
விழுப்புரம்.