தரங்கம்பாடி: நமது சங்கத்தின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த அறிக்கை பொங்கலுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். தாமதத்தில் பாதி என் சோம்பல். மீதிக்குக் காரணம், எழுத உட்காரும்போதெல்லாம் அந்தத் திண்ணை வீட்டு விவகாரம் ஞாபகம் வந்து, அதை எப்படி எழுதுவது என்று புரியாமல் எழுந்து போய்விடுவேன். சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எத்தனை செயற்குழு, எத்தனை மனு என்பதெல்லாம் கடைசியில் வரும், அவசரக்காரர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

1792இல் டேனிஷ்காரர்கள் திரும்பக் கட்டிய நுழைவாயிலைத் தாண்டி உள்ளே வந்தால்... எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, உள்ளே முற்றம், பின்கட்டுக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்த தட்டைத் தளம்). ஆடி மாதம் வீட்டுக்காரர் (ஐந்து பங்காளிகளில் ஊரில் இருப்பவர் அவர் ஒருவர்தான்) சங்கத்துக்கு வந்து, பின்கட்டு ஒழுகுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அவராகவே தேடி வந்தார், அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐந்தாறு பேர் போனோம், போட்டோ எடுத்தோம், இடிக்கவே கூடாது என்று ஆளுக்கொரு தடவை சொன்னோம், அந்த வீட்டம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம். புதுச்சேரியிலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை வரவழைத்து மதிப்பும் போட்டோம். உத்திரம் மாற்ற வேண்டும், தளத்தைப் பிரித்துத் திரும்பப் போட வேண்டும், எல்லாம் சேர்த்தால் சிமெண்டில் இடித்துக் கட்டுவதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. மனிதர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க, இதுல சங்கம் எவ்வளவு தரும்?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் ஜேசிபி வந்துவிட்டது. தூண்களையும் வாசற்கதவையும் காரைக்குடி வியாபாரி ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இந்த மாதிரி எத்தனை ஊர்த் தூண்கள் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் போனபோது ஓடுகள் மட்டும் தெருவோரம் குவிந்து கிடந்தன. ஒன்றைப் புரட்டினால், ஓடு செய்த வேளார் (குயவர்) ஈர மண்ணை விரலால் வழித்த தடம் உள்பக்கத்தில் அப்படியே இருந்தது. எடுத்து வந்துவிட்டேன். இப்போது என் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவரைத் திட்டி வந்ததையெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். ஊர்ப் பெருமையை விற்றவர், அது இது. திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னையில் பிளாட்டில் குடியிருப்பவர்கள், சொந்த ஊர் வீட்டைப் பூட்டிப் போட்டு வருஷக்கணக்காகிறது. நான் திட்டவில்லை, ஆனால் நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. செயலாளராக அது என் தவறு, இங்கே பதிவு செய்கிறேன்.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் ஊரில் கோட்டைக்கு மாநிலத் தொல்லியல் துறை இருக்கிறது. கவர்னர் பங்களாவுக்கு டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமே முன்னால் நின்றது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குச் சபை இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் சில வீடுகளை எடுத்துச் சீராக்கித் தந்தது. மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளுக்கு யார்? அதில் குடியிருக்கும் ஆள்தான். வெளியூர்க்காரர் தெருவில் நின்று அழகு என்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஐப்பசி மழையில் இரவெல்லாம் ஒழுகும் இடத்துக்கு அண்டா வைப்பவர் இவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வரும். நம் தெருக்கள் இத்தனை காலம் அப்படியே இருந்ததற்கு நம் அக்கறை காரணமில்லை, நம்மிடம் காசு இல்லாததுதான் காரணம். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு வந்த டேனிஷ்காரர்கள், 1845இல் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கொஞ்ச வருஷத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அங்கே போய்விட்டது. நமக்கு ரயில் வந்தது 1926இல், அதுவும் 1980களிலேயே நின்றுபோனது. இடித்துக் கட்டப் பணம் இல்லாத ஊரில் பழைய வீடு தானாக நிற்கும். இப்போது சிங்கப்பூர்ப் பணமும் வளைகுடாப் பணமும் வருகிறது, அதனால் இடிகிறது. நல்லது நடக்கும்போது அழக் கூடாது, வேறு வழி தேட வேண்டும்.

அப்படித் தேடியதில் நடந்த ஒரே உருப்படியான வேலை, சங்கக் கட்டடத்தின் பின்சுவர். அந்தச் சுவருக்குச் சில வருஷம் முன்னால் சிமெண்ட் பூசியதே நாம்தான் (அப்போது நான் துணைச் செயலாளர், தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது). கடல் காற்றில் செங்கல்லுக்குள் இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னாலேயே தங்கி, பூச்சு பலகை பலகையாக விட்டுக்கொண்டது. தட்டினால் டொக் டொக்கென்று சத்தம். பெயர்த்தால் உள்ளே செங்கல் ரவை மாதிரி உதிர்ந்தது. அதே கொத்தனாரைக் கூப்பிட்டு, கெட்டுப்போன கற்களை மாற்றி, சுண்ணாம்பைத் தொட்டியில் நீர்த்து ஊறப் போட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினோம். வெல்ல வாசனைக்கு வந்த ஈயும் கட்டெறும்பும் கொஞ்சநஞ்சமில்லை. வேடிக்கை பார்க்க வந்த பையன்களில் இரண்டு பேர் மூன்றாம் நாள் கரணையைக் கையில் வாங்கிவிட்டார்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை தாண்டியும் சுவரில் உப்புப் பூக்கவில்லை. அந்த இரண்டு பையன்களுக்கும் தொடர்ந்து வேலை கிடைத்தால்தான் ஊருக்குள் சுண்ணாம்பு வேலையின் கூலி குறையும், புதுச்சேரியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்காது. ஆகவே வருகிற ஆண்டு சேரும் சந்தாவில் ஒரு பகுதியை, ஒழுகும் வீடுகளுக்கு வட்டியில்லாக் கைமாற்றாகத் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வருகிறேன். சின்னத் தொகைதான், ஒரு உத்திரம் மாற்றக்கூடக் காணாது. ஆனாலும் அடுத்த முறை ஒருவர் தாளை மடித்துக்கொண்டு கேட்கும்போது ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டுமே.

அடுத்தது கருவாடு. கோட்டைக்கு முன்னால் மணலில் பெண்கள் நெத்தலியும் காரப்பொடியும் காய வைப்பது பற்றி ஒரு தங்கும் விடுதியிலிருந்து நமக்குக் கடிதம் வந்தது. விருந்தாளிகளுக்கு வாடை பிடிக்கவில்லையாம். மீன்பிடித் துறைமுகம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய்க் காய வைக்கலாமே என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். செயற்குழுவில் ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை, "சுற்றுலாத் தலத்தின் தூய்மை கருதி" என்று ஒரு வேண்டுகோள் தட்டி, நான் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டோம். இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா அன்னக்கூடையோடு சங்க வாசலுக்கு வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. "தம்பி, உங்க பொருளாளர் கடையில தொங்குறது நான் போட்ட கருவாடுதான். அங்க நாறலையா?" என்று கேட்டார். பொருளாளர் அப்போது உள்ளேதான் இருந்தார், ரசீது புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு அந்த அம்மாவே விளக்கினார்: துறைமுகத்தில் தளம் சூடு, அடிப்பக்கம் வெந்து போகும், மணலில் வலை விரித்துப் போட்டால்தான் காற்று கீழேயும் ஓடும், அதோடு வீடு பக்கத்தில் இருந்தால்தான் மழை தூறினால் ஓடி வந்து அள்ள முடியும். இதெல்லாம் நம் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவுமில்லை. நோட்டீஸை அன்று மாலையே கிழித்துவிட்டேன். விடுதிக்குப் பதில் எழுதவில்லை, அது நாகரிகமில்லைதான், இந்த மாதம் எழுதுகிறேன்.

மீனவர் தெருக்காரர்களுக்கு நம்மீது இருக்கும் சந்தேகம் இந்த நோட்டீஸோடு பிறந்ததுமில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த 172ஆம் எண் அரசாணைப்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் தள்ளிப் போனால் புது வீடு, அங்கேயே இருக்கிறேன் என்றால் அரசு உதவி கிடையாது. உயிருக்குப் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் மீனவரை உள்ளே தள்ளிய அதே கடற்கரையில் வெளியூர்க்காரர்கள் கடலைப் பார்த்தபடி காபி குடிப்பதையும் இந்த இருபது வருஷமாகப் பார்க்கிறார்கள். அதற்கு மேல் நாம் ஒரு தாளைக் கொண்டுபோய் ஒட்டினால் வேறு எப்படிப் படிப்பார்கள்? நம் செயற்குழுவில் மீனவர் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. இதற்கு ஒரு சமாதானமும் என்னிடம் இல்லை. நாட்டார்களை (மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களை) பார்த்துப் பேசியிருக்கிறோம், இரண்டு பேரை அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

மாசிலாமணி நாதர் கோயில் விஷயத்தில் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய் வெகுகாலமாகிறது. இன்னும் கல் கொட்ட வேண்டும் என்று ஒரு மனு வந்தது, கொட்டக் கூடாது என்றும் ஒரு மனு வந்தது. இரண்டும் நம் உறுப்பினர்கள் எழுதியவைதான். நம் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகப் போகிறது, ஓரிடத்தில் கல்லைப் போட்டுத் தடுத்தால் வடக்கே இருக்கும் கரைக்கு மணல் வராமல் அங்கே அரிக்கும். கோயிலைக் காப்பாற்றுகிறேன் என்று பக்கத்துக் குப்பத்துப் படகுத்துறையைக் கரைத்துவிட்டால் அந்தப் பாவத்தை எந்தக் குளத்தில் கழுவுவது? தெரிந்த பொறியாளர்களைக் கேட்காமல் எந்த மனுவிலும் சங்க முத்திரை விழாது என்று முடிவு செய்திருக்கிறோம்.

வரவேற்புப் பலகைக்கு வாசகம் எழுதித் தரச் சொல்லி ஒரு அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மூன்று கூட்டம் இதற்கே போனது. "டேனிஷ் நகரம் வரவேற்கிறது" என்று ஒரு கட்சி. 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதையும் அவர் தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றியதையும் போட வேண்டும் என்று ஒரு கட்சி. கோயில்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது என்று இன்னொன்று. தரங்கம் என்றால் அலைதானே, "அலை பாடும் ஊர்" என்று மட்டும் போட்டால் சண்டை இருக்காது என்று ஒருவர் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கல்வெட்டில் நம் ஊர் பெயர் சடங்கன்பாடி, அலை பாட்டெல்லாம் பிறகு வந்த விளக்கம் என்று சொல்லிவிட்டேன். இருபது நிமிஷம் எனக்கு அர்ச்சனை. பலகை எழுதப்படவில்லை. நட்டு வைத்த இரண்டு இரும்புக் கால்களில் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.

இனி வழக்கமானவை. செயற்குழு மாதம்தோறும் கூடியது, ஆடியில் மட்டும் கோரம் இல்லை. மயிலாடுதுறை ரயில் பாதையைத் திரும்பக் கேட்டு இந்த ஆண்டும் மனு அனுப்பினோம், சென்ற ஆண்டு வந்த பதிலேதான் தேதி மாறி வந்தது. மாணவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்று காட்டினோம், வெயிலில் ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்ததால் அடுத்த முறை காலை எட்டு மணிக்கே முடித்துவிடுவோம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கருவாட்டுக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வார் என்று நினைக்கிறேன்.

திண்ணை வீட்டுக்காரரை நான் போன வாரம் போய்ப் பார்த்தேன். புது வீடு தளமட்டம் வரை வந்திருக்கிறது. பேச மாட்டார் என்று நினைத்தேன், நாற்காலி எடுத்துப் போட்டார். புது வீட்டுக்கும் வாசலில் ஒரு திண்ணை வைக்கிறாராம், அவர் அம்மா சாயங்காலம் உட்கார இடம் வேண்டுமே என்று. அளவு என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்டார். பழைய திண்ணையின் அளவு ஆடி மாதம் நாம் எடுத்த குறிப்பில் இருக்கிறது, அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு வரும்போது தயவுசெய்து கொண்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்