பொட்டாசியம் 7

அன்புள்ள வாசுகி,

நீ கடிதம் போட்டு ரொம்ப நாளாகியும் நான் பதில் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறார், பெரியத்தையோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கால் துவண்டு எழுந்திருக்கவே முடியவில்லை அவரால். கிட்னி சரியில்லாதவர் என்பது உனக்குத் தெரியும். வெயிலுக்கு நல்லது என்று பெரியத்தை தினமும் இளநீர் கொடுத்திருக்கிறார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவர் கிட்னியால் அதை வெளியேற்ற முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 7 மில்லிமோல். ஐந்தைத் தாண்டவே கூடாது. ஈசிஜி தாளில், ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் டி அலைகள் ஒடுங்கி, கூராக எழும்பி நின்றன. அதைப் பார்த்ததுமே டாக்டர் கால்சியம் குளுக்கோனேட் ஏற்றச் சொன்னார். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குத்தான் காவல். அப்புறம் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும்.

அன்று ராத்திரி வார்டு வராந்தாவில் உட்கார்ந்து நம்ம எம்.எஸ்சி. பாடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லுக்குள் பொட்டாசியம் 140, வெளியே 4. அது செல்லின் சவ்வில் இருக்கும் சில புரதக் கால்வாய்கள் வழியே வெளியே கசிவதால்தான் உள்பக்கம் எதிர்மின்னாக நிற்கிறது. உள்ளே வெளியே உள்ள அளவை வைத்து மின்னழுத்தம் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் மைனஸ் 95 மில்லிவோல்ட். வெளியே 7 என்று வைத்துப் போடு, மைனஸ் 80. வித்தியாசம் வெறும் 15 மில்லிவோல்ட்தான். ஆனால் துடிப்பைக் கிளப்பும் சோடியம் கால்வாய் ஒருமுறை திறந்து அடைத்துக்கொண்டால், சவ்வு பழைய மின்னழுத்தத்துக்கு இறங்கினால்தான் மறுபடி தயாராகும். அது முழுசாக இறங்காவிட்டால் பல கால்வாய்கள் அடைபட்டபடியே கிடக்கும். துடிப்பு பரவுவது மந்தமாகும், நின்றும் போகலாம். பரீட்சைக்கு நீ எனக்கு உருப்போட வைத்த அதே வரிகள், வாசு. அங்கே அப்பாவின் மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்தன.

சோடியம் பொட்டாசியத்தைவிடச் சின்னது. ஆனாலும் பொட்டாசியம் கால்வாய் சோடியத்தை விடாது, எப்படி என்று நீ சாரை மடக்கினாயே, நினைவிருக்கிறதா? அவர் மழுப்பிவிட்டார். பதிலை 1998இல் ராடரிக் மெக்கின்னன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே படிகவியலால் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டினார், ஒரு பாக்டீரியாவின் கால்வாயை வைத்து. 2003இல் நோபலும் வாங்கினார். அயனியைச் சுற்றி எப்போதும் நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். கால்வாய்க்குள் நுழைய அவற்றை உதற வேண்டும். அதன் குறுகலான இடத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, பொட்டாசியத்தை நீர் சூழ்ந்திருந்த அதே தூரத்தில். அதனால் உதறியதில் அதற்கு நஷ்டமில்லை. சோடியம் சின்னது, அந்த ஆக்ஸிஜன்கள் அதற்கு எட்டாது. நீரை இழந்ததற்கு ஈடு கிடைக்காததால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுத்தும் நொடிக்குக் கோடிக்கணக்கில் அயனிகள் கடந்து போகின்றன! இதைப் பற்றிப் பேச இந்த வீட்டில் எனக்கு ஆளே இல்லை.

சரி, முக்கியமான விஷயம். உன் அம்மா பிரஷருக்காக ஒரு மாற்று உப்பு வாங்கினார்களே, அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார். பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருந்தால், பிரஷர் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைக் கேள். சில மாத்திரைகளே பொட்டாசியத்தை ஏற்றும். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல். இந்த வாரமே செய், தள்ளிப்போடாதே.

ரவியைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

உன்,
சாந்தி